கதிர் நிற்கும் மாதத்தில் போக வேண்டிய ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் வடமேற்கில், சொனோரா மாநிலத்தில் உள்ள சியுதாத் ஒப்ரெகோன் நகரைப் பற்றித் தங்கள் பயண இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தோம். கடற்கரைகளையும் பிரமிடுகளையும் விட்டுவிட்டு ஒரு விவசாய நகரத்தைப் பற்றி எழுதத் தோன்றியதற்கே பாராட்ட வேண்டும். ஆனால், 'ஜூன், ஜூலை விடுமுறையில் குடும்பத்தோடு போய் கோதுமை வயல்களைக் கண்டு களிக்கலாம்' என்று அதில் வந்த வரியை அப்படியே விட்டுவிட எங்களுக்கு மனம் இல்லை. அந்த வரியை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர், 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில், அறுவடை முடிந்து தாள் மட்டும் மிஞ்சிய கட்டாந்தரையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். கோதுமை ஆய்வில் ஈடுபட்டிருப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் மாதம். அந்த நகரைச் சுற்றியுள்ள யாக்கி பள்ளத்தாக்கில் கோதுமை குளிர்காலப் பயிர். விதைப்பு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை நடக்கும். ஜனவரியில் தூர் கட்டும். பிப்ரவரி பிற்பாதியில் கதிர் வெளியே வரும். மார்ச்சில் பால் பிடித்து மணி முற்றும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதத்துக்குள் அறுவடை முடிந்துவிடும். கதிர் பச்சையாக நிற்பதையும், ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் மாதத்தின் முதல் மூன்று வாரங்களை விட்டால் வேறு நாள் இல்லை. உலகின் பல நாடுகளிலிருந்து கோதுமை ஆய்வாளர்கள் அங்கே வந்து கூடுவதும் மார்ச்சில்தான். பாசனம் எப்படி நடக்கிறது என்று பார்க்க விரும்புவோர் ஜனவரி கடைசியில் போகலாம். அறுவடை இயந்திரங்களையும் தானியக் கிடங்குகளுக்கு முன்னால் நிற்கும் லாரி வரிசையையும் பார்க்க வேண்டுமா, மே முதல் பாதி. அதற்குப் பிறகு போனால் தாள் எரிக்கும் புகைதான் வரவேற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாட்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் போவோர் ஒரு ஸ்வெட்டரும் கொண்டு போக வேண்டும். பகலில் 25 டிகிரியைத் தொடும் ஊரில் விடியற்காலை பத்துக்குக் கீழே இறங்கிவிடும். பாலைவனத்து ஊர் என்பதால் குளிர் இருக்காது என்று எண்ணிப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வயலில் நடுங்குவார்கள். அந்தக் குளிர் இரவுகள்தான் அங்கே விளைச்சலுக்குக் காரணம். மணி நிறையும் பருவம் குளிர்ச்சியாக நீண்டால் எடை கூடும். பிப்ரவரியிலேயே வெப்பம் ஏறிவிட்டால் மணி சுருங்கிவிடும். ஹெக்டேருக்கு ஆறு, ஏழு டன் என்ற அங்குள்ள சராசரி விளைச்சலைக் கேட்டு வியப்பவர்கள், இந்தக் குளிரையும் மேகமற்ற வானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இந்த ஊரைப் புரிந்துகொள்ள அதுதான் திறவுகோல். ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோதுமை நிற்கும் மாதங்களில் வானத்திலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் ஹெக்டேரும் யாக்கி ஆற்றின் மேல் கட்டிய மூன்று அணைகளை நம்பி நிற்கின்றன. மேலே அங்கோஸ்துரா, நடுவில் நோவியோ, கீழே ஒவியாச்சிக். ஒவியாச்சிக் அணை, ஒப்ரெகோன் நகருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் அதிகாரபூர்வப் பெயர் ஆல்வரோ ஒப்ரெகோன் அணை, 1952-இல் முடிந்தது, கொள்ளளவு சுமார் 300 கோடி கன மீட்டர். பயணத்தில் ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். அணையைப் பார்த்த பிறகு அங்கிருந்து புறப்படும் மேல் கால்வாய், கீழ் கால்வாய் என்ற இரண்டு பெருங்கால்வாய்களில் ஒன்றைத் தொடர்ந்து வயல் வரை வந்தால், மறுநாள் வயலில் பார்க்கும் ஒவ்வொன்றும் தானாக விளங்கும். நகருக்குள்ளேயே இருக்கும் நைனரி ஏரிகூட இயற்கை ஏரி அல்ல. கால்வாய்த் தண்ணீரை விட்டு உண்டாக்கியது. மாலையில் ஊரே அதைச் சுற்றி நடக்கும். நாள் முழுக்க வெயிலில் நின்றவர்களுக்கு நல்ல இடம்.

அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள். மெக்சிகோவின் தேசிய நீர் ஆணையமான கொனாகுவா அணைகளின் இருப்பை இணையத்தில் வெளியிடுகிறது. அக்டோபர் முதல் தேதி வாக்கில் இருக்கும் அளவை வைத்துத்தான் அந்த ஆண்டு எத்தனை ஹெக்டேருக்குத் தண்ணீர் என்று முடிவாகிறது. 2003-04 பருவத்தில் அணைகள் வற்றிப் பெரும்பகுதி நிலம் தரிசாகவே கிடந்தது. 2024-25-இலும் கடும் வறட்சியால் கோதுமைப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் போகிறவர், படத்தில் பார்த்த பச்சைக் கடலைத் தேடி ஏமாறுவார். ஒரே பாசனத்தில் ஆழமாக வேர்விட்டுத் தாக்குப்பிடிக்கும் எண்ணெய் வித்துப் பயிரான குசும்பாவைத்தான் அந்த ஆண்டுகளில் அதிகம் காண முடியும். அதுவும் பார்க்கத் தகுந்ததுதான், என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போனால்.

வயல்வெளியில் வழி தவறுவது எளிது. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே மாதிரியாக இருக்கும். ஆனால் கணக்குப் புரிந்தால் வழி கேட்கவே வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட்சன் கம்பெனி என்ற நிலக் கம்பெனி இந்தப் பள்ளத்தாக்கைச் சதுரங்கப் பலகை போல் அளந்து வெட்டியது. இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் ஒரு கட்டம், அதாவது 400 ஹெக்டேர். ஒரு கட்டத்துக்குள் பத்து ஹெக்டேர் வீதம் 40 மனைகள். கட்டங்களுக்கு இடையே ஓடும் சாலைகளுக்கு நூறு நூறாக எண்கள். ஒரு பண்ணையின் முகவரி என்று கேட்டால் கட்டத்தின் எண்ணையும் சாலையின் எண்ணையும்தான் சொல்வார்கள். வண்டி ஓட்டுநரிடம் அந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாலையை ஒட்டியே பாசன வாய்க்கால், மறுபுறம் வடிகால் என்று இருக்கும், தடுப்புச்சுவர் இருக்காது. இருட்டியபின் விளக்கில்லாத டிராக்டர்களும் வரும். ஆகையால் மாலை ஆறு மணிக்குள் நகருக்குத் திரும்பிவிட வேண்டும். மண் விரிசல் விடும் களிமண், நம் கரிசலின் உறவு. பாசனம் விட்ட மறுநாள் மண்பாதையில் காரை இறக்கினால் சக்கரம் புதையும். ஓட்டுநர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

வயலில் எதைப் பார்க்க வேண்டும்? நம்மூர் வேளாண் மாணவர்களும் விவசாயிகளும் குறிப்பாகப் பார்க்க வேண்டியது மேட்டுப்பாத்தி. அந்தப் பள்ளத்தாக்கில் மிகப் பெரும்பாலான விவசாயிகள் கோதுமையைச் சமதளத்தில் விதைப்பதில்லை. 75 முதல் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் பாத்தி உயர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு அல்லது மூன்று வரிசை விதைக்கிறார்கள். தண்ணீர் பாத்திகளுக்கு நடுவே உள்ள சாலில் மட்டும் ஓடும். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு பாசனம் கொடுத்துவிடுவார்கள். அந்த ஈரத்தில் களை முளைக்கும். மேல் மண் காய்ந்ததும் கலப்பையை ஓட்டி அத்தனை களையையும் அழித்துவிட்டு, அடியில் இருக்கும் ஈரத்தில் விதை இறங்கும்படி விதைப்பார்கள். இந்த வரிசைதான் முக்கியம். உலர்ந்த மண்ணில் விதைத்துவிட்டுப் பின்னால் தண்ணீர் விட்டால் களையும் பயிரும் ஒன்றாக முளைக்கும். அந்தக் களிமண் மேலே ஓடு கட்டி முளையை அமுக்கும். முன்பாசனத்தில் இரண்டு தொல்லையும் இல்லை. விதைத்த பிறகு மூன்று அல்லது நான்கு தண்ணீர் போதும். பாத்தி முறையில் விதையும் குறைவு, ஹெக்டேருக்கு 100 கிலோவுக்குள் முடிந்துவிடும். வரிசைகளுக்கு நடுவே டிராக்டரும் ஆளும் போகலாம். பயிரும் காற்றில் எளிதில் சாயாது.

சாலுக்குத் தண்ணீர் ஏற்றும் முறையையும் நின்று கவனியுங்கள். வயலின் தலைமாட்டில் ஓடும் வாய்க்காலிலிருந்து வளைந்த குழாய்கள் கரையைத் தாண்டி ஒவ்வொரு சாலுக்குள்ளும் இறங்கும். மோட்டார் கிடையாது. குழாயை வாய்க்காலில் அமுக்கி நிரப்பி, ஒரு முனையைக் கையால் அடைத்து, ஒரே வீச்சில் கரைக்கு மேல் எடுத்துச் சாலில் போட்டுக் கையை விட்டால் தண்ணீர் தானாக ஏறி இறங்கும். உள்ளே காற்றுப் புகுந்தால் நின்றுவிடும். வாய்க்காலின் மட்டம் தாழ்ந்தாலும் நின்றுவிடும். பாசனக்காரரின் கண் எந்நேரமும் அந்த மட்டத்தின் மேல்தான் இருக்கும். அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டுமானால் குழாய்கள் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு கொடுங்கள்.

இந்த முறையில் குறையும் இருக்கிறது. அதையும் நம்மவர்கள் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யாக்கி பள்ளத்தாக்கில் ஹெக்டேருக்குச் சுமார் 250 கிலோ நைட்ரஜன் போடும் வழக்கம் இருந்தது. அதில் முக்கால் பங்கை விதைப்பதற்கு முன்பே, முன்பாசனத்துக்கும் முன்பே போட்டுவிடுவார்கள். பயிரே இல்லாத நிலத்தில் போட்ட உரம் எங்கே போகும்? ஒரு பகுதி காற்றில் கலந்தது, ஒரு பகுதி வடிகால் வழியாகக் கலிஃபோர்னியா வளைகுடாவுக்குப் போனது. பள்ளத்தாக்கில் பாசனம் நடந்த சில நாட்களுக்குள் கடலில் பாசி பெருகுவதை செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். விவசாயி ஏன் இவ்வளவு போடுகிறார் என்பதற்கு அவர் தரப்பில் நியாயம் உண்டு. அங்கே இப்போது பெரும்பாலும் விளைவது டியூரம் என்ற கடினக் கோதுமை. அதில் நைட்ரஜன் குறைந்தால் மணியின் வயிற்றில் வெள்ளைத் திட்டு விழும், விலை குறையும். பயிரின் பச்சையை உணர்கருவியால் அளந்து, தேவையானபோது மட்டும் உரமிடும் முறையை ஆய்வு நிலையத்தில் காட்டுவார்கள். அந்தச் செய்முறையைத் தவறவிடாதீர்கள்.

டியூரத்துக்கு அவர்கள் மாறிய கதையில் நம் நாட்டுப் பெயர் ஒன்று வருகிறது. கர்னால் பண்ட் என்ற நோய், மணியைக் கரும்பொடியாக்கி மீன் நாற்றம் வரச் செய்யும். 1931-இல் இன்றைய ஹரியானாவின் கர்னாலில் முதன்முதலாகப் பதிவானதால் அந்தப் பெயர். அது வடமேற்கு மெக்சிகோவிலும் வந்து சேர்ந்தது. ரொட்டிக் கோதுமையைவிட டியூரம் அதை நன்றாகத் தாங்குவதும் விவசாயிகள் மாறியதற்கு ஒரு காரணம். விளைவு என்னவென்றால், கோதுமைக்குப் பெயர்போன அந்தப் பள்ளத்தாக்கின் தானியத்தில் பெரும்பங்கு குவாய்மாஸ் துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. மெக்சிகோவோ ரொட்டி மாவுக்கான கோதுமையை வெளியிலிருந்து வாங்குகிறது.

இங்கேதான் எங்களுடைய முக்கியமான எச்சரிக்கை. தங்கள் கட்டுரையில் 'வயலில் இறங்கிக் கதிர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம்' என்று இருந்தது. கூடவே கூடாது. நோய் வித்துகள் செருப்பின் மண்ணிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகும். நம் ஊர் வயலில் போட்ட செருப்பை அங்கே கொண்டு போகாதீர்கள். அங்கே போட்டதைத் துவைக்காமல் இங்கே கொண்டு வராதீர்கள். துரு நோயின் வித்து உடையிலேயே பல நாள் உயிரோடு இருக்கும். அங்குள்ள வயலுக்குள் போன உடையை அன்றே சோப்புப் போட்டு அலசுங்கள். காலணியின் அடிப்பகுதியை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி முற்றிலும் காய வையுங்கள். ஆய்வு வயலில் ஒரு கதிரைக் கிள்ளினாலும் அது ஒருவருடைய பல ஆண்டு உழைப்பின் அளவீட்டைக் கெடுத்துவிடும். ஒரு கதிரின் மணிகளுக்கு ஒரு வரிசை என்று ஆயிரக்கணக்கான வரிசைகள் நிற்கும் இடங்கள் அவை.

அந்த ஆய்வு நிலையம் நகரிலிருந்து போர்லாக் சாலையில் 12-ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் பெயரிலேயே நிலையமும் உள்ளது. அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான இனிஃபாப், பன்னாட்டு மக்காச்சோளம் மற்றும் கோதுமை மேம்பாட்டு மையமான சிம்மிட், விவசாயிகளே பணம் போட்டு நடத்தும் பத்ரோனாத்தோ என்ற அமைப்பு மூன்றும் சேர்ந்து அங்கே வேலை செய்கின்றன. டிக்கெட் வாங்கி நுழையும் பூங்கா அல்ல. இரண்டு மாதம் முன்பே மின்னஞ்சல் எழுதி, எத்தனை பேர், எந்தத் துறை, என்ன பார்க்க விருப்பம் என்று தெரிவித்து அனுமதி பெற வேண்டும். பல்கலைக்கழகம் அல்லது விவசாயச் சங்கத்தின் கடிதத்தாளில் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். காலை ஏழு மணிக்கே நிலையத்தில் இருங்கள்; பத்துக்குப் பிறகு காற்றும் வெயிலும் கூடிவிடும்.

பாலைவனத்தில் ஏன் கோதுமை ஆய்வு என்று கேட்போர் உண்டு. மழை குறைவாக இருப்பதுதான் வசதி. குளிர்காலத்தில் மழை மிகக் குறைவு என்பதால், சொட்டுநீர்க் குழாயைத் திறந்து மூடியே வறட்சியைக் கையால் உண்டாக்கலாம். ஒரு பாத்திக்கு முழுத் தண்ணீர், அடுத்ததற்குப் பாதி, அதற்கடுத்ததற்கு அதிலும் பாதி. வெப்பத்தைத் தாங்கும் ரகம் வேண்டுமானால் வேண்டுமென்றே பிப்ரவரி கடைசியில் விதைத்து, வெயிலில் பூக்க விடுவார்கள். ஆய்வாளர்கள் இலைக்கூட்டத்தின் வெப்பநிலையைக் கைக்கருவியாலும் டிரோனாலும் அளப்பதைப் பார்க்கலாம். குளிர்ந்த இலைக்கூட்டம் என்றால் வேர் ஆழத்திலிருந்து தண்ணீரை எடுக்கிறது என்று பொருள். தோண்டாமலே வேரைப் பார்க்கும் வழி.

போர்லாக் 1944-இல் மெக்சிகோவுக்கு வந்து, அடுத்த ஆண்டே இந்தப் பள்ளத்தாக்கில் விதைத்தவர். குளிர்காலத்தில் கடல்மட்டத்துக்குச் சுமார் 40 மீட்டர் உயரத்தில் உள்ள இங்கே ஒரு தலைமுறை, கோடையில் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள தொலூக்காவில் இன்னொரு தலைமுறை. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை கிடைத்தது என்பது பாதிப் பயன்தான். இரண்டு ஊருக்கும் பகல் நீளம் வேறு, நோய் வேறு. இரண்டிலும் பிழைத்த செடிதான் அடுத்த சுற்றுக்குப் போகும். அதனால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எங்கே விதைத்தாலும் விளையும் கோதுமை தேர்ந்து வந்தது. 'நோரின் 10' என்ற ஜப்பானியக் குட்டை ரகத்தின் மரபும் சேர்ந்ததும், 1962-இல் பிதிக், பென்ஹாமோ என்ற குட்டை ரகங்கள் வெளிவந்தன. பிறகு வந்தவைதான் நம் நாட்டுக்கு வந்த சொனோரா 64, லெர்மா ரோஹோ 64.

தமிழ் வாசகர்களுக்கு அந்த விதைகள் வந்த வழி தெரிந்திருக்க வேண்டும். 1965-இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமாக 450 டன் விதை. குவாய்மாஸில் கப்பல் ஏற்ற வேண்டியது சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் 30 லாரிகளில் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. அங்கே நகரின் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரம் காரணமாக நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்தது. ஒருவழியாக வந்து சேர்ந்து விதைத்தால் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. கிடங்கில் பூச்சிமருந்துப் புகை அளவுக்கு மீறிப் போட்டதில் கரு செத்திருந்தது. விதையளவை இரட்டிப்பாக்கித்தான் அந்தப் பருவத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டு, 1966-இல், இந்தியா ஒரேயடியாக 18,000 டன் இறக்குமதி செய்தது. அன்று மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். அவருக்குத் துணை நின்ற விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். சொனோரா 64-இன் மணி சிவப்பு, நம் மக்களுக்குச் சப்பாத்தி வெளிறிய பொன்னிறமாக வேண்டும். காமா கதிர் பாய்ச்சி அம்பர் நிற மணியாக மாற்றிய 'ஷர்பதி சொனோரா' சுவாமிநாதன் குழு தந்தது. 'சொனோரா' என்ற சொல் ஒரு மாநிலத்தின் பெயர் என்று அறியாமலே நம் நாட்டில் ஒரு தலைமுறை அதைச் சாப்பிட்டது.

ஆய்வு நிலையத்தோடு பயணத்தை முடித்துக்கொள்வது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த ஆறும் அந்த நிலமும் யாக்கி என்ற பூர்வகுடி மக்களுடையவை. ஊரின் பழைய பெயர் கஹேமே. 1887-இல் சுட்டுக்கொல்லப்பட்ட யாக்கி தலைவரின் பெயர். தண்ணீர் குடிக்கக்கூட நிற்காதவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1928-இல் அந்தப் பெயரை நீக்கிக் கொலையுண்ட முன்னாள் அதிபர் ஒப்ரெகோனின் பெயரை வைத்தார்கள். அவரும் இந்தப் பகுதியில் கொண்டைக்கடலை பயிரிட்டவர், கடலை விதைக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தவர். நகராட்சியின் பெயர் மட்டும் இன்றும் கஹேமேதான். 1940-இல் அதிபர் கார்தெனாஸ், அங்கோஸ்துரா அணைத் தண்ணீரில் பாதி யாக்கிகளுக்கு என்று ஆணையிட்டார். அது முழுமையாகக் கைக்கு வரவில்லை என்பது அவர்களின் நீண்டகாலக் குறை. நோவியோ அணையிலிருந்து மாநிலத் தலைநகரான எர்மோசியோவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்த் திட்டத்தை எதிர்த்து யாக்கிகளும் பள்ளத்தாக்கு விவசாயிகளும் ஒன்றாகப் போராடினார்கள். 2021 செப்டம்பரில் வீகம் ஊரில் மெக்சிகோ அதிபர் யாக்கி மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நகருக்குச் சற்று வடக்கே கோகொரித் என்ற ஊரில் யாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரின் பெயர் யாக்கி மொழியில் மிளகாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களில் யாக்கி ஊர்களில் நடக்கும் சடங்குகளை வெளியாட்கள் ஓரமாக நின்று பார்க்கலாம். கேமராவையோ கைபேசியையோ வெளியே எடுக்கக் கூடாது, குறிப்பெடுக்கவும் வரையவும்கூடக் கூடாது. எடுத்தால் பறித்துக்கொள்வார்கள், அது அவர்கள் உரிமை. கோதுமையைப் பார்க்க உகந்த மார்ச் மாதமே பெரும்பாலும் இந்த நாற்பது நாட்களும் என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளலாம்.

போய்ச் சேரும் வழி சுருக்கமாக. மெக்சிகோ சிட்டியிலிருந்து ஒப்ரெகோனுக்கு நேரடி விமானம் உண்டு, இரண்டரை மணி நேரம். எர்மோசியோவில் இறங்கினால் 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 250 கிலோமீட்டர். வழியில் வீகம் அருகே சாலை மறியல் நடப்பதுண்டு. திரும்பும் விமானத்துக்கு அரை நாள் இடைவெளி வையுங்கள். சொனோரா நேரம் மெக்சிகோ சிட்டிக்கு ஒரு மணி பின்னால், இந்திய நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் தேவையில்லை. அமெரிக்கா வழியாகப் போகிறவருக்கு எப்படியும் அது வேண்டியிருப்பதால் ஒரே விசாவில் வேலை முடியும். குடியேற்ற அதிகாரி முத்திரையில் எத்தனை நாள் எழுதுகிறார் என்று அங்கேயே நின்று பாருங்கள். 180 நாள் தானாகக் கிடைக்காது. தெற்கே சினலோவாவிலிருந்து பேருந்தில் வருவோர் பழம் கொண்டு வர வேண்டாம். பழ ஈயைத் தடுக்கும் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியும் எழுதவில்லை. ஒப்ரெகோன் அண்மை ஆண்டுகளில் மெக்சிகோவில் கொலைக் குற்றம் மிக அதிகமாக நடக்கும் நகரங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. குறிவைக்கப்படுவது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் அல்ல என்றாலும், இரவில் வெளியே சுற்றுவதற்கு அது காரணமாகாது. விடுதி அல்லது ஆய்வு நிலையம் ஏற்பாடு செய்யும் வண்டியில் மட்டும் போங்கள். நெடுஞ்சாலைப் பயணத்தைப் பகலில் முடியுங்கள். அறிமுகமில்லாத பண்ணைச் சாலைகளில் தனியாக நுழையாதீர்கள். ஆட்களையும் வண்டிகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

உடல்நலத்தில் மூன்று விஷயம். புழுதி பறக்கும் நாளில் முகக்கவசம் வேண்டும். அந்த மண்ணில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை உண்டு. தெருநாய்களைத் தொடாதீர்கள்; அவற்றின் உண்ணி கடித்தால் வரும் புள்ளிக் காய்ச்சல் சொனோராவில் உயிரைக் கொல்லும் நோய். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சொனோரா போயிருந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்; டாக்ஸிசைக்ளின் தொடங்கத் தாமதிக்கக் கூடாது. மருந்தடிக்கும் சிறு விமானம் தாழப் பறந்தால் காற்று வீசும் பக்கத்தில் நிற்காதீர்கள்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை, சுட்ட மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர். கை அகலத்தைத் தாண்டும் மெல்லிய கோதுமைத் தொர்த்தியா அங்கே தவறவிடக் கூடாதது. சைவர்கள் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். பிசைந்த பீன்ஸிலும் தொர்த்தியா மாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'யேவா மந்தேக்கா?' என்று கேளுங்கள். 'சீ' என்றால் உண்டு. மலையில் தானாக விளையும் சில்தெபீன் என்ற மிளகளவு மிளகாய் மேசையில் இருக்கும். நம் நாக்குக்கும் அது காரம்தான், ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கடைசியாக, விதை. அங்கே போகும் விவசாயிகளில் பலருக்கும் ஒரு கைப்பிடி மணியைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆசை வரும். இந்தியாவில் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டு வருவது சட்டப்படி குற்றம். பயிருக்கு அது ஆபத்தும்கூட. ஆய்வுக்கு வேண்டுமென்றால் நிறுவனத்தின் பெயரில் சிம்மிட்டுக்கு எழுதுங்கள். பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் சிறு பொட்டலங்களில் அனுப்புவார்கள். டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபணு வள மையத்தில் நோய்ச் சோதனை முடிந்து கைக்கு வரும். அக்டோபர் விதைப்புக்கு வேண்டுமென்றால் மார்ச்சிலேயே, அங்கே வயலில் நிற்கும்போதே, எந்த ரகம் என்று எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோதுமை ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்